அல்ஜீப்ராவுக்கு இரண்டு பீரியட்: சிகாகோ அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணக்கு

1997 இலையுதிர் காலத்தில் சிகாகோ அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்த எல்லா மாணவர்களும் அல்ஜீப்ரா, அதாவது இயற்கணிதம், எடுத்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. அதுவரை கணக்கில் பின்தங்கியவர்களை அடிப்படைக் கணக்கு, முன்-அல்ஜீப்ரா என்று ஏதாவது ஒரு பெயரில் தனி வகுப்பில் உட்கார வைப்பது வழக்கம். அந்த வகுப்புகளை ஒரே உத்தரவில் நீக்கிவிட்டார்கள். ஆறு ஆண்டு கழித்து, 2003ல், அதே பள்ளி மாவட்டம் (ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) இன்னொரு விதி போட்டது: எட்டாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் தேசிய நடுமட்டத்துக்குக் கீழே நின்றவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் தினமும் ஒரு பீரியட் அல்ஜீப்ரா போதாது, இரண்டு பீரியட் வேண்டும்.

ஒரே ஊர், ஒரே நிர்வாகம், ஒரே மாதிரியான மாணவர்கள். முதல் விதியால் மாணவர்களின் மதிப்பெண் பட்டியலில் இருந்த பாடப் பெயர்கள் மாறின. கணக்குத் திறன் அசையவில்லை. இரண்டாவது விதி முதல் பார்வைக்குத் தோல்வி போலத் தெரிந்தது. பல ஆண்டு கழித்துத்தான் அது செய்த வேலை வெளியே வந்தது. ஒரு பள்ளியின் கல்வித் திட்டம் தரமானதா என்று எதை வைத்துச் சொல்வது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சோதனைக் களம் எனக்குத் தெரிந்து இல்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாடத்திட்ட ஆவணத்தைப் படித்துப் பயனில்லை, பள்ளியின் டைம்டேபிளைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

களம்

அமெரிக்கப் பள்ளி முறை நமக்குப் பழகியதல்ல என்பதால் கொஞ்சம் விளக்கம். நம் ஒன்பதாம் வகுப்பில் கணக்கு என்பது ஒரே பாடம். இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல், புள்ளியியல் எல்லாம் அதற்குள்ளேயே அத்தியாயங்களாக வந்துவிடும். அங்கே பெரும்பாலும் இயற்கணிதம், வடிவியல் ஒவ்வொன்றும் ஒரு முழு ஆண்டுப் பாடம். அல்ஜீப்ரா 1 முடித்தால் வடிவியல், அது முடிந்தால் அல்ஜீப்ரா 2 என்று ஏணி போல ஏற வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் உண்டு. போதுமான கிரெடிட் சேர்ந்தால்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பட்டம். ஆக, ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கணக்கு வகுப்பில் உட்கார்கிறோம் என்பதே அடுத்த நான்கு ஆண்டுகளில் எங்கே போய் நிற்போம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடும். அல்ஜீப்ரா 1ல் ஃபெயிலானவர் அடுத்த ஆண்டு மறுபடி அதையே எடுக்க வேண்டும். அந்த இடத்தில்தான் பலர் பள்ளியை விட்டே போய்விடுவார்கள்.

சிகாகோவில் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் எட்டாம் வகுப்பு வரை போகும். ஒன்பதாம் வகுப்பு என்றால் புதுப் பள்ளி, புது ஆசிரியர்கள், பல தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்து கலந்த புது முகங்கள். பதினான்கு வயதில் எல்லாமே ஒரே நேரத்தில் மாறுகிறது.

மாவட்டம் பெரியது. அந்தக் காலத்தில் 4 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். 1987ல் அன்றைய மத்தியக் கல்விச் செயலர் வில்லியம் பென்னட், நாட்டிலேயே மோசமான பள்ளிகள் சிகாகோவில்தான் இருக்கின்றன என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். 1995ல் இல்லினாய் சட்டமன்றம் பள்ளிகளை மேயர் ரிச்சர்ட் எம். டேலியின் கட்டுப்பாட்டில் கொடுத்தது. அவர் தன் பட்ஜெட் இயக்குநர் பால் வாலஸைப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியாக்கினார். அடுத்து வந்த ஆர்ன் டங்கன் பிற்பாடு ஒபாமா அரசில் கல்விச் செயலரானவர். 1997 விதி வாலஸ் காலத்தது, 2003 விதி டங்கன் காலத்தது.

இந்தக் கதையை இவ்வளவு விவரமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990ல் தொடங்கிய ஒரு பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு. மாவட்டத்தின் ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண், வருகை, எடுத்த பாடம், உட்கார்ந்த வகுப்பு எல்லாம் ஆண்டுக்கணக்கில் அதன் கையில் இருந்தன. எலைன் ஆலன்ஸ்வொர்த், தகாகோ நோமி ஆகியோரின் ஆய்வுகள் அந்தத் தரவிலிருந்து வந்தவை. பெரும்பாலான ஊர்களில் சீர்திருத்தம் வரும், பெயர் மாறும், அடுத்த அதிகாரி வந்ததும் போகும். நடந்தது நல்லதா கெட்டதா என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். சிகாகோ அந்த வகையில் விதிவிலக்கு.

எல்லோருக்கும் அல்ஜீப்ரா

1997 விதிக்குப் பின்னால் இருந்த வாதம் வலுவானது, நியாயமானதும்கூட. அடிப்படைக் கணக்கு வகுப்புகளில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தால் ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும்தான் அதிகம். அந்த வகுப்பிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஏணியே கிடையாது. கறுப்பினத்தவரின் குடிமை உரிமை இயக்கத்தில் மிசிசிப்பியில் வாக்காளர்களைப் பதிவு செய்யப் போராடிய ராபர்ட் மோசஸ், 1980களிலேயே அல்ஜீப்ராவைக் குடிமை உரிமைப் பிரச்சினையாக முன்வைத்து அதற்கென்று ஒரு திட்டமே தொடங்கியிருந்தார். 1997 அக்டோபரில், சிகாகோ விதி அமலுக்கு வந்த அதே பருவத்தில், மத்தியக் கல்வித் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. அல்ஜீப்ரா 1, வடிவியல் இரண்டும் எடுத்த மாணவர்களில் 83% பேர் இரண்டு ஆண்டுக்குள் கல்லூரிக்குப் போகிறார்கள், எடுக்காதவர்களில் 36% பேர்தான் போகிறார்கள் என்றது அது.

இந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: எல்லோரையும் எடுக்க வைத்துவிடலாமே? ஆனால் அல்ஜீப்ரா எடுத்தவர்கள் ஏற்கெனவே கணக்கில் தேறியவர்கள், வீட்டில் கவனிப்பு உள்ளவர்கள், கல்லூரிக்குப் போவது என்று முடிவு செய்தவர்கள். அவர்கள் கல்லூரிக்குப் போனதில் அந்தப் பாடத்தின் பங்கு எவ்வளவு, அவர்களுடைய பங்கு எவ்வளவு என்று 83ஐயும் 36ஐயும் வைத்துப் பிரிக்க முடியாது.

சிகாகோ பிரித்துக் காட்டியது. 1997க்கு முன்பே சில பள்ளிகளில் ஏறக்குறைய எல்லோரும் அல்ஜீப்ராதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விதியால் அவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. மற்ற பள்ளிகளில் திடீரென்று எல்லாம் மாறியது. இரண்டு வகைப் பள்ளிகளையும் ஒப்பிட்டு 2009ல் வெளிவந்த ஆய்வின் முடிவு கசப்பானது. அல்ஜீப்ரா கிரெடிட் பெற்றவர்கள் கூடினார்கள், அது உண்மை. கூடவே ஃபெயிலானவர்களும் கூடினார்கள். கிரேடுகள் கொஞ்சம் இறங்கின. தேர்வு மதிப்பெண் உயரவில்லை. கல்லூரிக்குப் போவதும் கூடவில்லை.

ஏன்? பலவீனமான மாணவர்கள் வகுப்பு மாறினார்கள், அவ்வளவுதான் நடந்தது. அவர்களுக்குக் கூடுதல் நேரம் கிடையாது. பின்னங்களும் குறை எண்களும் தடுமாறும் ஒரு பிள்ளைக்குச் சமன்பாடு எப்படிச் சொல்லித் தருவது என்று ஆசிரியர்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. முந்தின ஆண்டு முன்-அல்ஜீப்ரா நடத்தியவரே இந்த ஆண்டு அல்ஜீப்ரா நடத்துகிறார். புத்தக அட்டை மாறியிருக்கிறது. பாதி வகுப்புக்குப் புரியாத பாடத்தை நடத்தும் எந்த ஆசிரியரும் செய்வதைத்தான் அவர்களும் செய்திருப்பார்கள்: வேகத்தைக் குறைத்து, கடினமான பகுதியைத் தள்ளிப் போட்டு, ஆண்டை ஓட்டுவது.

நோமியின் 2012 ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கு விதியால் எந்த மாற்றமும் இல்லை, அவர்கள் முன்பும் அல்ஜீப்ரா, இப்போதும் அல்ஜீப்ரா. ஆனாலும் அவர்களுடைய மதிப்பெண் குறைந்தது. வகுப்பின் கலவை மாறியதுதான் காரணம். பலவீனமான மாணவர்களுக்கு ஆதாயம் இல்லாமல், மற்றவர்களுக்கும் நஷ்டம். நல்ல நோக்கத்தோடு வந்த விதிக்கு இதைவிட மோசமான கணக்கு இருக்க முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இந்த முடிவைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, பலவீனமான பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா எதற்கு என்று வாதிடுபவர்கள் உண்டு. பழைய அடிப்படைக் கணக்கு வகுப்புகள் நன்றாக இருந்தன என்று இந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை. அங்கேயும் பிள்ளைகள் எதுவும் கற்கவில்லை. வகுப்பு மாற்றியபோது இங்கேயும் கற்கவில்லை என்பதுதான் கண்டது.

இரண்டு பீரியட்

2003 விதியின் அளவுகோல் எட்டாம் வகுப்பில் எழுதும் அயோவா அடிப்படைத் திறன் தேர்வு. நாடு முழுக்க அந்தத் தேர்வு எழுதியவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்குக் கீழே வரும் சிகாகோ மாணவர்கள் எல்லோரும், அதாவது ஒன்பதாம் வகுப்புக்கு வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், வழக்கமான அல்ஜீப்ராவோடு ஒரு துணை வகுப்பும் எடுக்க வேண்டும்.

விதியோடு சில வழிகாட்டுதல்களும் வந்தன. விஷயம் அவற்றில்தான் இருக்கிறது. இரண்டு வகுப்பையும் ஒரே ஆசிரியர் எடுக்க வேண்டும். அதே மாணவர்கள் இரண்டிலும் இருக்க வேண்டும். இரண்டு பீரியடும் அடுத்தடுத்து வர வேண்டும். துணை வகுப்பு ஆசிரியர்களுக்கு அஜைல் மைண்ட், காக்னிட்டிவ் டியூட்டர் என்று இரண்டு பாடத்தொகுப்புகள் தரப்பட்டன. கூடுதல் நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆண்டுக்கு மூன்று முறை பயிற்சிப் பட்டறை நடந்தது.

ஒரு பள்ளியில் டைம்டேபிள் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த மூன்று நிபந்தனையைப் படித்ததும் தலை சுற்றும். ஒரு கணக்கு ஆசிரியருக்குத் தொடர்ச்சியாக இரண்டு பீரியட் ஒரே வகுப்பில் போட்டால் அதே நேரத்தில் நடக்க வேண்டிய இன்னொரு கணக்கு வகுப்புக்கு ஆள் வேண்டும். அந்த மாணவர்கள் அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் எந்தெந்தப் பீரியடில் போக முடியும் என்பது சுருங்கும். மாணவருக்குக் கூடுதலாக ஒரு பீரியட் எங்கிருந்து வரும்? விருப்பப் பாடத்திலிருந்துதான் வரும். இசையோ ஓவியமோ கணினியோ ஒன்று போகும். உத்தரவு போடுபவருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உட்கார்ந்து கட்டம் நிரப்புபவருக்குத்தான் தெரியும். முதல் ஆண்டில் பெரும்பாலான பள்ளிகள் நிபந்தனைகளைக் கடைப்பிடித்தன. அப்புறம் பிடி தளர்ந்தது. அட்டவணைச் சிக்கலைப் பள்ளிகள் முறையிட, மாவட்டமும் விட்டுக்கொடுத்தது.

எதிர்பாராத விளைவு ஒன்றும் சேர்ந்தே வந்தது. நடுமட்டத்துக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோரும் இரட்டைப் பீரியட் வகுப்புகளில் ஒன்றாகச் சேர்ந்தார்கள். மேலே இருந்தவர்கள் ஒற்றைப் பீரியட் வகுப்புகளில் தங்களுக்குள் சேர்ந்தார்கள். 1997ல் கலந்ததை 2003 மறுபடி பிரித்துவிட்டது. ஆனால் முன்பு பிரித்தபோது கீழ் வகுப்புக்குப் பாடமே வேறு, இலேசானது. இப்போது பாடம் ஒன்றுதான், நேரம் இரட்டிப்பு.

அளந்தபோது

முதல் சில ஆண்டுகளில் மாவட்டம் பார்த்தது பாஸ் விகிதத்தை. அது ஏறவில்லை. இரண்டு பீரியட் படித்தும் அல்ஜீப்ராவில் ஃபெயிலாகிறவர்கள் அதே அளவில் இருக்கிறார்கள் என்றால் இவ்வளவு செலவும் சிரமமும் எதற்கு என்று யாரும் கேட்பார்கள். கேட்டார்கள்.

ஆனால் அந்த நடுமட்டக் கோடு ஆய்வாளர்களுக்கு ஒரு வரப்பிரசாதம். நூறு பேர் வரிசையில் 49வது இடத்தில் நிற்பவரும் 51வது இடத்தில் நிற்பவரும் கணக்கில் ஏறக்குறைய ஒரே ஆள்தான். அன்றைக்குக் காலையில் ஒருவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒருவருக்கு இரண்டு பீரியட், மற்றவருக்கு ஒன்று. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்தால் இரண்டாவது பீரியடின் பலனை ஏறக்குறைய சுத்தமாகப் பிரித்தெடுக்கலாம். கலேனா கோர்ட்டெஸ், ஜோசுவா குட்மன், நோமி மூவரும் அதைத்தான் செய்தார்கள்.

கண்டது இது. பாஸ் விகிதத்தில் குறிப்பிடும்படி மாற்றமில்லை, மாவட்டம் பார்த்தது சரிதான். ஆனால் அல்ஜீப்ராவில் பி கிரேடோ அதற்கு மேலோ வாங்கியவர்கள் கூடியிருந்தார்கள். இல்லினாய் மாநிலத்தில் பதினோராம் வகுப்பில் எல்லோரும் எழுத வேண்டியிருந்த, கல்லூரிச் சேர்க்கைக்கான ஏசிடி தேர்வில், அதாவது இரட்டைப் பீரியட் முடிந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து, கணக்கு மதிப்பெண் உயர்ந்திருந்தது. உயர்நிலைப் பள்ளி முடித்தவர்கள் கூடினார்கள். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் கல்லூரியில் சேர்ந்தவர்கள் 8 முதல் 9 சதவீதப் புள்ளி வரை கூடினார்கள். அதில் பெரும்பகுதி இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகள், அதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடவில்லை. இருந்தாலும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு பாடத்துக்குக் கொடுத்த கூடுதல் பீரியட், ஐந்து ஆண்டு கழித்து இவ்வளவு தூரம் எதிரொலிப்பது கல்வி ஆய்வுகளில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காத விஷயம்.

யாருக்கு அதிகப் பலன் என்று பார்த்தபோது இன்னொரு ஆச்சரியம். வாசிப்புத் திறனில் பின்தங்கியவர்களுக்குத்தான் அதிகப் பலன். துணை வகுப்பில் கணக்கைப் பேசிக்காட்டவும் எழுதிக்காட்டவும் செய்தார்கள். எப்படிப் போட்டாய் என்று கேட்டு விளக்க வைத்தார்கள். சொல் கணக்கில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு எங்கே மாட்டுகிறது என்பது கணக்கு ஆசிரியர் எல்லோருக்கும் தெரியும். பெருக்கத் தெரியாமல் இல்லை. நான்கு வரியைப் படித்து எதைப் பெருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஒற்றைப் பீரியடில் அதற்கு நேரம் இருக்காது.

இந்த ஆய்வின் வரம்பு ஒன்றும் உண்டு. கோட்டுக்கு அருகில் நிற்பவர்களைப் பற்றித்தான் இது பேசுகிறது. வரிசையின் கடைசியில், ஐந்தாம் வகுப்புக் கணக்கே கைவராத நிலையில் உயர்நிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இரண்டாவது பீரியட் என்ன செய்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. கோட்டருகே கிடைத்த பலனை அப்படியே கீழ்வரை நீட்டிக் கணக்குப் போடுவது தவறு. கொள்கை வகுப்பவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

சரி, மதிப்பெண் ஏறியும் ஏன் பாஸ் விகிதம் ஏறவில்லை? வகுப்பறைக்குள் என்ன நடந்தது என்று ஆலன்ஸ்வொர்த்தும் நோமியும் ஆராய்ந்தார்கள். நடுமட்டத்துக்கு மேலே இருந்த மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணும் 2003க்குப் பிறகு உயர்ந்திருந்தது. ஆனால் அவர்களில் ஃபெயிலானவர்கள் அதிகமாகியிருந்தார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். பிரிந்த பிறகு அவர்களுடைய வகுப்பில் தொந்தரவு குறைந்தது, ஆசிரியர் அதிகம் எதிர்பார்த்தார், எல்லோரும் அதிகம் கற்றார்கள். ஆனால் முன்பு கலப்பு வகுப்பில் நடுவாந்திரமாக நின்ற ஒரு பிள்ளை இப்போது வகுப்பிலேயே கடைசி. ஆசிரியர் கிரேடு போடுவது கண் முன்னால் இருக்கும் முப்பது பேரை வைத்துத்தான். போன ஆண்டைவிட அதிகம் கற்ற பிள்ளை, போன ஆண்டு பாஸாகியிருக்கக்கூடிய பிள்ளை, இந்த ஆண்டு ஃபெயில்.

கீழே இருந்தவர்களுக்கு நேர்மாறான ஆபத்து இருந்தது. எல்லாப் பலவீனமான மாணவர்களையும் ஒரே அறையில் சேர்த்தால் வகுப்பு கெடும். அது எங்கும் நடப்பது. கூடுதல் நேரமும் மேம்பட்ட கற்பித்தலும் அந்தக் கெடுதலை ஈடுகட்டின என்பது அவர்களுடைய முடிவு. இங்கேதான் 1997க்கும் 2003க்கும் வித்தியாசம். மறுபடியும் டைம்டேபிள்.

ஒரு மாவட்டத்தின் பாஸ் விகிதத்தைப் பார்த்துக் கணக்குத் திறனைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் மேலே சொன்ன இரண்டு பத்தியையும் ஒரு முறை திரும்பப் படிக்கலாம். கற்றலும் பாஸும் எதிரெதிர்த் திசையில் போக முடியும்.

வேறு ஊர்கள்

இதே யோசனை எல்லா இடத்திலும் இப்படி நீடித்ததா என்றால் இல்லை. ஃபுளோரிடாவின் மயாமி-டேட் மாவட்டத்தில் ஆறாம் வகுப்பில் இரட்டைக் கணக்கு வகுப்பு வைத்ததை எரிக் டெய்லர் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். அந்த ஆண்டு மதிப்பெண் நன்றாகவே உயர்ந்தது. வழக்கமான அட்டவணைக்குத் திரும்பிய ஓராண்டில் அந்த ஆதாயத்தில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சியது. இரண்டாம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. சிகாகோவில் ஏன் நீடித்தது என்று யோசித்தால், ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா ஒரு வாசல் என்பது எனக்குத் தோன்றும் காரணம். அதை நல்ல கிரேடில் தாண்டியவருக்கு வடிவியலும் அல்ஜீப்ரா 2ம் வரிசையாகத் திறக்கின்றன. ஆறாம் வகுப்பில் அப்படி ஒரு வாசல் இல்லை.

சான் பிரான்சிஸ்கோ எதிர்த் திசையில் போனது. 2014ல் எட்டாம் வகுப்பிலிருந்து அல்ஜீப்ராவை நீக்கிவிட்டு, எல்லோரும் ஒன்பதாம் வகுப்பில் ஒன்றாகப் படிக்கட்டும் என்றார்கள். அல்ஜீப்ராவை மறுபடி எடுக்கும் மாணவர்கள் 40%லிருந்து 8% ஆகக் குறைந்ததாக மாவட்டம் பெருமையாகச் சொன்னது. அடுத்த வகுப்புக்குப் போக முன்பு இருந்த தேர்வு நிபந்தனை அதே சமயம் எடுக்கப்பட்டதைப் பெற்றோர் குழு ஒன்று சுட்டிக்காட்டியதும் அந்த எண்ணின் பளபளப்பு போய்விட்டது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பார்த்தபோது உயர்நிலைக் கணக்குப் பாடங்களில் இன இடைவெளி பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. 2024 மார்ச்சில் நகர வாக்காளர்கள் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி வாக்களித்தார்கள். பாடம் எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைப் பற்றியே பத்தாண்டு சண்டை போட்டார்கள். அந்தப் பாடம் வகுப்பறைக்குள் எப்படி நடக்கிறது என்ற பேச்சு அதில் அமுங்கிப் போனது.

கடைசி வரிசை

சிகாகோவுக்குத் திரும்புவோம். இரட்டைப் பீரியட் தொட முடியாத கடைசி வரிசைக்கு இரண்டு வழியில் பதில் தேடினார்கள்.

ஒன்று, கணக்கோடு மட்டும் நிற்காதது. ஒன்பதாம் வகுப்பு முடிவில் ஐந்து முழு கிரெடிட் இருக்கிறதா, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத்துக்கு மேல் ஃபெயில் இல்லாமல் இருக்கிறதா என்ற எளிய அளவுகோலை ஆய்வுக் கூட்டமைப்பு உருவாக்கியது. இதைத் தாண்டியவர்கள் நான்கு ஆண்டில் பள்ளி முடிக்கும் வாய்ப்பு தாண்டாதவர்களைவிட மூன்றரை மடங்கு. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணைவிட இது நன்றாக முன்னறிவித்தது. பள்ளிகளுக்கு யார் எத்தனை நாள் வரவில்லை, யார் எந்தப் பாடத்தில் சரிகிறார் என்று அவ்வப்போது பட்டியல் வரத் தொடங்கியது. ஆண்டு முடியும் வரை காத்திருக்காமல் ஆசிரியர்கள் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசினார்கள். 2007ல் 57% ஆக இருந்த, அளவுகோலைத் தாண்டியவர்களின் விகிதம் 2013ல் 82% ஆனது. கிரேடைத் தூக்கிப் போட்டுப் பாஸ் பண்ண வைத்தார்களோ என்ற சந்தேகம் எழுந்தது, எழத்தான் வேண்டும். பிற்பாடு பள்ளி முடித்தவர்களின் விகிதமும் சேர்ந்தே ஏறியது அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் தணித்தது.

இரண்டாவது வழி செலவு பிடித்தது. சாகா என்ற அமைப்பின் முறைப்படி ஒரு டியூட்டருக்கு இரண்டே மாணவர்கள். பள்ளி முடிந்த பிறகு வரச் சொல்வது கிடையாது. பள்ளி நேரத்துக்குள், டைம்டேபிளில் ஒரு பீரியடாக, தினமும். டியூட்டர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்ல. கல்லூரி முடித்து ஓராண்டு சேவையாக, குறைந்த ஊதியத்தில் வந்தவர்கள். முப்பது பேரைக் கட்டி மேய்க்கும் திறமை அதற்குத் தேவையில்லை, இரண்டு பேர் முகத்தைப் பார்த்து எங்கே மாட்டுகிறது என்று கண்டுபிடித்தால் போதும். நேரத்தில் ஒரு பகுதி பழைய ஓட்டைகளை அடைக்க, மீதி அன்றைய வகுப்புப் பாடத்துக்கு. 2013ல் தொடங்கிக் குலுக்கல் முறையில் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து நடத்திய இரண்டு சோதனைகளில் கணக்கு மதிப்பெண் 0.18 முதல் 0.40 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) வரை உயர்ந்தது. கணக்கில் ஃபெயிலாவது கணிசமாகக் குறைந்தது. பதினாலு வயதுக்கு மேல் அடிப்படைக் கணக்கைச் சரி செய்வது முடியாத காரியம், பணத்தைச் சிறு பிள்ளைகளுக்குச் செலவிடுங்கள் என்று பொருளாதார அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பேச்சு இதற்குப் பிறகு தளர்ந்தது.

செலவு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 3,500 முதல் 4,300 டாலர். எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய தொகை அல்ல. நான்கு மாணவருக்கு ஒரு டியூட்டர், ஒரு நாள் இரண்டு பேர் அவரோடும் மற்ற இருவர் கணினியிலும், மறுநாள் மாற்றி என்று செய்து பார்த்த இன்னொரு சோதனையில் செலவு சுமார் 30% குறைந்தது. பலன் பெரிதாகக் குறையவில்லை. கோவிட் நிவாரண நிதி வந்தபோது நாடு முழுக்க மாவட்டங்கள் இந்த மாதிரியைப் பின்பற்றக் கிளம்பின. அந்த நிதியை ஒதுக்குவதற்கான கெடு 2024 செப்டம்பரோடு முடிந்தது. பெரிய அளவில் செய்தபோது பலன் சோதனைகளில் கண்டதைவிடச் சுருங்கியது. ஆய்வாளர்கள் போய்ப் பார்த்ததில் ஒரு காரணம் திரும்பத் திரும்ப வந்தது: திட்டத்தில் எழுதிய மணிநேரத்தில் பாதிகூடப் பல பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. சில பள்ளிகள் டியூட்டர் பீரியடைப் பள்ளி முடிந்த பிறகுக்குத் தள்ளின, சில இடங்களில் டியூட்டர் பாதி ஆண்டில் விலகினார், சில இடங்களில் அந்த நேரத்தில் வேறு தேர்வு வைத்துவிட்டார்கள்.